ஆண் கொசுவின் வயிற்றில் மாட்டு ரத்தம்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் லட்டு டப்பா, வாயில் ஆயிரம் கேள்வி. கொசுவின் வயிற்றில் இருப்பது யாருடைய ரத்தம் என்று இப்போது ஒரு மெஷினே சொல்லிவிடுகிறதாம். சாயங்காலம் உள்ளே வைத்துவிட்டுப் போனால் காலையில் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறதாம். "மெஷினே இல்லாம நீங்கள்லாம் என்னதான் பண்ணினேள் மாமி?" என்று ஒருத்தி கேட்டாள். பரிதாபமாக வேறு பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. மெஷின் இல்லாவிட்டால் என்னடி, எங்களிடம் முயல் இருந்ததே என்றேன். இரண்டு பேரும் திருதிருவென்று முழித்தார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு நான் பள்ளிக்கூட டீச்சராக வேண்டும் என்று ஆசை. திருப்பூணித்துறையில் எங்களைப் போன்ற பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களில், படித்த பெண் என்றால் அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. நான் எர்ணாகுளத்தில் ரசாயனம் படித்து முடித்தது ஐம்பதுகளின் கடைசியில். அப்போது மட்டாஞ்சேரியில், கொசு பரப்பும் யானைக்கால் நோய்க்கென்று சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் திறந்து, ஆள் வேண்டும் என்றார்கள். மனு போட்டேன், கிடைத்துவிட்டது. காலையில் பஸ், அப்புறம் படகு, படகுத்துறையிலிருந்து நடை. கூடம் இருந்தது ஒரு பழைய கிடங்கின் மாடியில். கீழே மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். வேலை பார்த்த காலம் முழுக்கத் தும்மிக்கொண்டேதான் மாடி ஏறினேன்.

முதல் நாள் உள்ளே நுழைந்தால், எங்கள் தலைவர் டாக்டர் மேனோன் ஒரு வலைக் கூண்டுக்குள் இடது கையை முழங்கை வரை விட்டுக்கொண்டு, வலது கையில் பத்திரிகையைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் இருந்த கை கறுப்பாக இருந்தது. அவ்வளவும் கொசு. "இரிக்கூ சீதே. இவங்களுக்கு ஊணு முடியட்டும்" என்றார். கொசுக்களின் சாப்பாடு முடிகிற வரை உட்காரச் சொல்கிறாராம். அவருடைய தமிழ் மதராஸில் டாக்டருக்குப் படித்தபோது வந்தது. பாதிக்கு மேல் மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். கூண்டிலிருந்தவை கூடத்திலேயே பிறந்து வளர்ந்த, நோய் எதுவும் இல்லாத கொசுக்கள். ரத்தம் குடித்தால்தான் பெண் கொசு முட்டை வைக்கும் என்பதால் தினம் யாராவது கையை நீட்டியாக வேண்டும். அப்பா சொன்னபடி டீச்சராகவே போயிருக்கலாமே என்று தோன்றியது. அடுத்த மழைக்காலத்துக்குள் நானும் கையைக் கூண்டில் விட்டுக்கொண்டு தொடர்கதை படிக்க ஆரம்பித்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

முயல் விஷயத்துக்கு வருகிறேன். மனித ரத்தத்தை உறைய விட்டால் மேலே தெளிந்து நிற்கும் நீருக்குச் சீரம் என்று பெயர். அதை முயலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போட்டால், முயலின் உடம்பு அதை எதிரி என்று எடுத்துக்கொண்டு, அதற்கென்றே ஓர் எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைக்கும். பிறகு முயலின் காது ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து அதன் சீரத்தைப் பிரித்து வைத்துக்கொள்வோம். அந்தச் சீரம் மனித ரத்தத்தை எங்கே கண்டாலும் விடாது. மனிதனுக்கு ஒரு முயல், மாட்டுக்கு ஒரு முயல், ஆட்டுக்கு ஒரு முயல் என்று வைத்திருந்தோம். மனித முயலுக்குப் போட்டது டாக்டரின் சொந்த ரத்தம். அதனால் அந்த முயலைக் கூடத்தில் எல்லோரும் சின்ன டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

கொசு பிடிக்கிறவர்கள் காலையில் வீடு வீடாகப் போவார்கள். சுவர் மூலையிலும் துணிக்கொடியிலும் வயிறு சிவக்க உட்கார்ந்திருக்கும் கொசுவை, கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பிடிப்பார்கள். அதை வடிகட்டும் தாளில் வைத்து நசுக்கினால் சிவப்பாக ஒரு பொட்டு விழும். அந்தப் பொட்டை வெட்டி உப்புநீரில் ஊற வைப்பது என் வேலை. மெல்லிய கண்ணாடிக் குழலின் அடியில் முயல் சீரம். அதன் மேல் இந்த உப்புநீரைக் குழலின் ஓரமாகவே வழிய விட வேண்டும். இரண்டும் கலந்தால் போச்சு. மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்ய முடியும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் தொட்டுக்கொள்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் வந்தால், கொசு குடித்தது அந்தப் பிராணியின் ரத்தம். இதையும் தாமதிக்காமல் செய்ய வேண்டும். கொசுவின் வயிறு சும்மா இருக்காது. குடித்த ரத்தத்தின் புரதத்தை உடைத்து முட்டைக்கு ஊட்டமாக மாற்றிக்கொண்டே இருக்கும். முழுக்கச் செரித்துவிட்டால் அது மனிதனா மாடா என்று எந்த முயலாலும் சொல்ல முடியாது.

நல்ல வளையம் வந்தால் குழலைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தாலே எனக்குத் தெரியும், வரப்போகிறது என்று. "சீதே, இது நுண ஆணெங்கில், எப்படி நுண ஆகும்?" நுண என்றால் பொய். இந்த முடிவு பொய்யாக இருந்தால், எந்த வழியில் பொய்யாகியிருக்கும் என்று கேட்கிறாராம். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை அந்த மனுஷர் வாயிலிருந்து வந்ததே இல்லை. மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டே திரும்பி வருவேன்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு மழைக்காலம் முடிந்த சமயம். கூடத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் பாக்கியம் என்று ஒரு பால்காரி இருந்தாள். தென்காசிப் பக்கம். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர், வந்த இடத்திலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். பாக்கியம் ஊருக்குத் திரும்பவில்லை. ஒரு மாட்டில் ஆரம்பித்து நான்கு மாடு வரை கொண்டுவந்திருந்தாள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய தொழுவத்துக்கு அடுத்த வீடு மிளகுத் தரகர் ஷேணாயுடையது. கொங்கணிக்காரர், குரல் உயர்த்தாத மனிதர். அவருடைய இளைய மகள் வத்சலாவுக்குப் பாதத்தில் லேசாக வீக்கம் கண்டிருந்தது. கல்யாண வயசில் பெண். யானைக்கால் என்ற பேச்சு வெளியே போனால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கொசுவெல்லாம் தொழுவத்திலிருந்துதான் வருகிறது, அதை எடுக்க வேண்டும் என்று நகரசபையில் புகார் கொடுத்துவிட்டார். பாக்கியத்திடம் பால் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்.

நகரசபை பந்தை எங்கள் பக்கம் உருட்டியது. ஷேணாய் வீட்டுக் கொசுக்கள் மாட்டு ரத்தம் குடித்தவை என்று ஆய்வுக்கூடம் எழுதிக் கொடுத்தால் தொழுவம் ஊருக்கு வெளியே போக வேண்டும். ஊருக்கு வெளியே போனால் பாக்கியத்திடம் யார் பால் வாங்குவார்கள்? மாட்டை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

அந்தச் சந்தில் கொசு பிடித்தவர் ஔசேப்பு. வைப்பின்காரர், தினம் படகில் வருவார். எங்களிடம் இருந்தவர்களிலேயே கெட்டிக்காரர். முகத்தில் பாதி மீசை. அவர் கொண்டுவந்த தாள்களை வெட்டி ஊற வைத்துச் சோதித்தேன். மனித வளையம் வந்தது. ஆனால் மாட்டு வளையம் வராத குழல் ஒன்றுகூட இல்லை. மெல்லியதுதான், என்றாலும் வளையம் வளையம்தானே. முடிவு எப்படி வெளியே போனதோ தெரியாது, அடுத்த நாளே நகரசபை ஆள் வந்து தொழுவத்தை அளந்துகொண்டு போனார். பள்ளுருத்தியிலிருந்து மாட்டுத் தரகன் ஒருவன் வந்து மாடுகளின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் படகுக்குப் போகிற வழியில் பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சீதாம்மா, நீங்க பொய் சொல்லமாட்டீய. அந்த வீட்டுக் கொசு என் மாட்டையா குடிச்சிருக்கு? நெசமா?"

நான் என் கண்ணால் வளையத்தைப் பார்த்தவள். இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. "இன்னும் பார்த்துண்டிருக்கோம் அக்கா" என்றேன்.

"பாருங்க, நல்லாப் பாருங்க. இதுகள வித்துட்டு நான் எங்க போவேன்? ஊர்ல எனக்குன்னு யாரு இருக்கா?" என்றாள். படகில் உட்கார்ந்து வழி நெடுக அழுதேன். பக்கத்தில் இருந்த கன்னியாஸ்திரீ எனக்காக ஜெபமே செய்ய ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் நகரசபைச் சுகாதார அதிகாரி நேரில் வந்து, வளையம் வந்துவிட்டதே, எழுதிக் கொடுக்க என்ன தடை என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "தடை ஒண்ணும் இல்லா. எனக்கு விஸ்வாசம் வரலை, அத்ரயே உள்ளூ" என்றார். நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதானாம். அதிகாரி போனதும் என் பக்கம் திரும்பினார். "இந்தக் கொசு சாக்கடையில பிறந்து மனுஷனைத் தேடிப் போகிற ஜாதி. ஒண்ணு ரெண்டு மாட்டுக்கும் போகும். அத்தனை கொசுவும் மாட்டுக்கும் போய் மனுஷனுக்கும் போகுமோ? சீதே, இது நுண ஆணெங்கில்..."

"எப்படி நுண ஆகும்னு நானும் ராத்திரி பூரா அதைத்தான் கேட்டுண்டேன் சார்" என்று வெடித்துவிட்டேன். சீரத்தை வெறும் உப்புநீரோடு பார்த்தாயிற்று, வளையம் இல்லை. புதுத் தாளை ஊற வைத்துப் பார்த்தாயிற்று, அதிலும் இல்லை. முயல் மேல் தப்பு இல்லை. "ரத்தமே குடிக்க முடியாத கொசுவை இதே மாதிரி தேய்ச்சுப் பார்த்தா என்ன சார்? ஆண் கொசுவை?"

டாக்டர் கழற்றிய கண்ணாடியைத் துடைக்காமலே மாட்டிக்கொண்டார். என் உத்தியோகத்தில் கிடைத்த பெரிய விருது அதுதான்.

ஔசேப்புக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. "ஆண் கொசு கடிக்கில்லல்லோ சாரே! பூவில தேன் குடிக்கிற பாவம் அது. ஆட்கள் என்னைக் களியாக்கும்" என்று முனகினார். கேலி செய்வார்களாம். போகத்தான் வேண்டும் என்றதும் போனார். ஷேணாய் வீட்டிலிருந்தே ஆண் கொசுக்களாகப் பொறுக்கி, வழக்கம் போலத் தேய்த்துக் கொண்டுவந்தார். தாளில் சிவப்பே இல்லை, வெறும் சாம்பல் பொட்டுகள். உப்புநீரில் ஊற வைத்துக் குழலில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாட்டுச் சீரத்தின் மேல் அழகாக வெள்ளை வளையம் வந்து நின்றது. சந்தோஷத்தில் நான் போட்ட கத்தலில் கீழே கிடங்குக்காரர்கள் மாடி இடிந்துவிட்டதென்று ஓடி வந்தார்கள். ஆண் கொசு மாட்டு ரத்தம் குடிக்காது. அப்படியானால் மாடு கொசுவுக்குள் இல்லை; வேறு எங்கிருந்தோ தாளுக்கு வருகிறது.

எங்கிருந்து என்று பார்க்க மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் ஔசேப்போடு சேர்ந்துகொண்டேன். சந்துக்குள் நுழைந்ததும் அவர் நேரே தொழுவத்துக்குப் போனார். பாக்கியம் அப்போதுதான் கறந்து முடித்திருந்தாள். செம்பிலிருந்து நுரையோடு ஒரு தம்ளர் ஊற்றி அவரிடம் நீட்டினாள். அவர் அதை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். மீசை முழுக்க நுரை. கையால் மீசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழித்துவிட்டுக்கொண்டார்.

"இது எந்தா ஔசேப்பேட்டா?" என்றேன்.

"பச்சப் பாலாணு டீச்சரே. நாளு முழுக்க குழாயில உறிஞ்சறோமே, கொசுவோட சிறகுப் பொடியெல்லாம் நெஞ்சிலோட்டு போகும். கறந்த சூட்டோட பால் குடிச்சா அதெல்லாம் கழுகிப் போகும். ஞங்கள் எல்லாரும் குடிக்கும்." படித்த பெண் என்றால் அவருக்கு டீச்சர்தான். கொசு பிடிக்கிறவர்கள் மத்தியில் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. அவர்களுக்கு அதுதான் மருந்து.

"சும்மாதான் குடுக்கேன்" என்றாள் பாக்கியம். "ஊருக்காக நெஞ்சு நோக உழைக்காக, ஒரு தம்ளர் பால்ல என்ன குறைஞ்சுபோச்சு?"

அடுத்து ஷேணாய் வீடு. ஔசேப்பு ஒரு கொசுவை லாவகமாக உறிஞ்சிப் பிடித்தார், தாளில் தட்டினார், கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"தேய்க்கறதுக்குக் கண்ணாடிக் குச்சி குடுத்திருக்கே, அது எங்கே?"

"பாக்கெட்ல பத்திரமா உண்டு டீச்சரே. பொட்டிப்போனா பாவம்லோ." உடைந்துவிட்டால் பாவமாம்.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒரு புதுத் தாளை எடுத்து அவருடைய கட்டைவிரலை அதில் அழுத்தி வாங்கிக்கொண்டேன். பாக்கியத்திடம் ஒரு சின்னக் குப்பியில் பாலும் வாங்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். கட்டைவிரல் தாளில் மாட்டு வளையம். பச்சைப் பாலில் இன்னும் கெட்டியான வளையம். மாட்டின் ரத்தத்தில் உள்ள புரதங்களில் சில பாலிலும் இருக்கின்றன. முயல் சீரம் அவற்றையும் பிடித்துவிடுகிறது. அதே பாலை நன்றாகக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். கொதித்ததில் அந்தப் புரதம் உருமாறிப்போய், வளையத்தைக் காணோம்.

டாக்டர் குழல்களை வரிசையாகப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. "நம்முடெ சோதனைப்படி ஔசேப்பு ஒரு நல்ல பசுவாணு" என்றார். "என்டெ கர்த்தாவே!" என்று ஔசேப்பு கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பாக்கியத்திடம் விஷயத்தைச் சொன்னபோது முதலில் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் குடுத்த பாலே என்னயக் கவுக்கப் பாத்துச்சா?" என்றாள். கொஞ்சம் கழித்து, தொழுவத்துக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஆனால் பழைய முடிவு பொய் என்றால் உண்மை எது என்று காட்ட வேண்டாமா? மறுபடி பிடிக்கச் சொன்னார் டாக்டர். வேலை முடியும் வரை பால் கிடையாது. கைக்கும் மீசைக்கும் சோப்பு. தேய்க்கக் குச்சிதான். மீசையைச் சோப்புப் போட்டுக் கழுவ ஔசேப்பு பட்ட பாடு இருக்கிறதே, ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோன குழந்தைகூட அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்யாது. இந்த முறை ஆண் கொசுத் தாளில் எந்த வளையமும் இல்லை. ஷேணாய் வீட்டுப் பெண் கொசுக்களில் பளிச்சென்று மனித வளையம். மாட்டு வளையத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

டாக்டர் அதை நகரசபைக்கு எழுதி அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு ஷேணாய் வீட்டுக்குப் போனார். பின்கட்டில் சமையலறைத் தண்ணீர் போய் விழும் ஒரு குழி, மேலே பலகை போட்டு மூடியிருந்தது. பலகையை நகர்த்தச் சொல்லி, அகப்பையால் ஒரு முகவை எடுத்து ஷேணாயின் முன்னால் நீட்டினார். அகப்பை நிறையக் கொசுப் புழுக்கள் நெளிந்தன.

ஷேணாய் குழிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்டெ வீட்டிலா? என்டெ குட்டியை நான்தானா கடிக்க விட்டேன்?" என்றார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. புகார் கொடுத்தவர் மேல் அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

டாக்டர் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "சந்தில எல்லா வீட்டிலும் உண்டு, ஷேணாய். என் வீட்டிலும் இருந்தது. தொழுவத்தை நாம் கொண்டுபோயிருந்தால் இந்தக் குழி இங்கேயே இருந்திருக்கும், குட்டியைக் கொசு கடிச்சிட்டே இருந்திருக்கும். இனி குழியை அடைச்சா மதி, அது போதும். வத்சலாவை நாளைக்கு என்னிடம் கூட்டிட்டு வரணும். ஆரம்பம்தானே, மாத்திரை இருக்கு" என்றார்.

குழி மூடப்பட்டது. சந்தில் மற்ற குழிகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வத்சலாவின் வீக்கம் அதற்கு மேல் ஏறவில்லை. பிற்பாடு மங்களூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போனாள். நான் ரிடையர் ஆகும் வரை எத்தனையோ ஆயிரம் குழல் பார்த்துவிட்டேன், கடைசிக் காலத்தில் காட்டு உண்ணிகள் குடித்த ரத்தம்கூடப் பார்த்தேன். ஆனால் நினைத்தால் இன்றைக்கும் முகம் மலர்வது குழி மூடியதற்கு மறுநாள் காலையில் நடந்ததற்குத்தான்.

நானும் ஔசேப்பும் சந்தில் நின்றுகொண்டிருந்தோம். எதிரே ஷேணாய் வந்தார். கையில் ஒரு பித்தளைத் தூக்கு. அந்த வீட்டில் பால் வாங்க எப்போதும் வேலைக்காரிதான் வருவாள். அவரே பாத்திரம் தூக்கி யாரும் பார்த்ததில்லை. தொழுவ வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. கடைசியில், "பால் உண்டோ?" என்று மட்டும் கேட்டார்.

பாக்கியம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை நாள் பட்டதையெல்லாம் கொட்டிவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் தூக்கை வாங்கினாள், கழுத்து வரை ஊற்றினாள், அதற்கு மேலும் ஒரு கை ஊற்றி, மூடிக் கொடுத்தாள்.

"உண்டு சாமி. புள்ளைக்கும் குடுங்க, நீங்களும் குடிங்க. ஆனா நல்லாக் காய்ச்சிக் குடிங்க. பச்சையாக் குடிச்சீயன்னா, அந்த டாக்டரு உங்களயும் என் மாட்டோட சேத்து எழுதிருவாரு."